உலகம்மாளைத் தேடி வந்த அடுக்களை

எங்கள் தீவுக்கு வெள்ளிக்கிழமைக் கப்பலில் யார் வந்தாலும் முதலில் நாங்கள் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, அவர்களுக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்றுதான் பார்ப்போம், ஏனென்றால் இத்தனை தண்ணீரைத் தாண்டி ஓர் ஆள் தனியாக வருவதென்றால் ஒன்று அவர் அரசாங்க ஆளாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவராக இருக்கவேண்டும், மூன்றாவதாக ஒரு ரகம் உண்டென்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் சங்கரன்கோவில் உலகம்மாள் கையில் ஓர் ஒயர்கூடையும் தோளில் மகளுடைய பழைய கல்லூரிப் பையுமாகக் கப்பலிலிருந்து சிறுபடகுக்கு இறங்கியபோது, படகுக்காரர் மீராசா ஒரு கையை அவருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்து வரப்போகிறவருக்காக மறுகையை நீட்டியபடி வெகுநேரம் நின்றார்.

"கூட யாரு வந்திருக்காக்கா?" என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்," என்றார் உலகம்மாள். அதைச் சொன்னபோது பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் மிதப்பு அவர் குரலில் இருந்தது.

அந்தமானுக்குத் தெற்கே, வரைபடம் போடுகிறவர்கள் பல நேரம் மறந்துவிடுகிற ஓர் இடத்தில் இருக்கிறது எங்கள் நத்தைத் தீவு. எங்கள் அப்பன் பாட்டன்மார் தூத்துக்குடிப் பக்கமிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள், யார் எந்தப் பாஷையில் திட்டினாலும் எல்லோருக்கும் புரியும். தங்குவதற்கு இருப்பது ஒரே விடுதி, அதை நடத்துகிறவள் அந்தோணிக்கனி. அவள் போட்டுக்கொடுத்த முதல் டீ ஆறுவதற்குள் உலகம்மாளின் கதை முழுவதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பெயர்தான் உலகம்மாளே தவிர, பார்த்த உலகம் குற்றாலம் வரைக்கும்தான், அங்கேயும் வீட்டில் அத்தனை பேருக்கும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுபோய் அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பரிமாறிவிட்டுத் திரும்பியவர். கணவர் தங்கப்பழம் இரும்புக்கடை வைத்திருக்கிறார், இரண்டு மகன்கள், ஒரு மருமகள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம் முடிந்து, கடைசி அண்டாவும் கழுவிக் கவிழ்த்தபிறகு, ராத்திரிச் சாப்பாட்டின்போது, "நான் ஒரு தீவுக்குப் போகப் போறேன், தனியா," என்று உலகம்மாள் சொல்லியிருக்கிறார். யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தங்கப்பழம், "ரசத்த ஊத்து," என்றாராம். உலகம்மாள் ரசத்தையும் ஊற்றினார், மறுநாள் டிக்கெட்டும் எடுத்தார்.

மூன்று வெள்ளிக்கிழமை கழித்துத் திரும்புவதாகத் திட்டம். முதல் இரண்டு நாளும் அறை ஜன்னலுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோலக் கண்ணெடுக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒவ்வொரு தரம் பொங்கி வந்தபோதும் இறக்கிவைக்க வேண்டியதில்லை என்பதே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எறங்கிக் குளிக்கலியாக்கா என்று நாங்கள் கேட்டதற்கு, "நாளைக்கு எறங்குதேன், அவசரம் என்ன, இத்தன நாளு இருக்குல்லா," என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய அடுக்களை வந்து சேர்ந்தது.

வலையைப் பார்த்துவிட்டு வந்த மீராசாதான் முதலில் கண்டது. ஓட்டுக்கூரையும் நாலு சுவரும் கம்பி வைத்த ஒரு ஜன்னலும் புகைக்கூண்டுமாகச் சங்கரன்கோவில் வீட்டின் பின்கட்டிலிருந்து கழன்று, ஊர்களையும் செம்மணல் தேரிக்காடுகளையும் வங்காள விரிகுடாவையும் கடந்து, முழங்கால் உயரத்துக்கு மட்டும் நனைந்து, மணலில் ஏறி, சொட்டச் சொட்ட நின்று, வாசலை விடுதிப் பக்கம் திருப்பிக்கொண்டது. எங்களுக்கு இதில் பெரிய திகைப்பு இல்லை. கடல் எங்களுக்குத் தேக்குமரம் கொண்டுவந்திருக்கிறது, பூட்டிய பீரோ கொண்டுவந்திருக்கிறது, வருஷா வருஷம் இடதுகால் செருப்புகளாகக் கொண்டுவந்து கொட்டுகிறது, ஒரு பெரும் புயலுக்குப் பிறகு உயிரோடு ஒரு கழுதையைக்கூடக் கொண்டுவந்திருக்கிறது. தென்னைமரத்தடியில் நின்றால் தேங்காய் விழுந்து ஓடு உடையுமே என்பதுதான் எங்கள் முதல் கவலையாக இருந்தது, நாலு பேர் சேர்ந்து அதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினோம்.

பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்த உலகம்மாள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இது எங்க வீட்டு அடுக்களைல்லா," என்றார்.

"கூட யாரும் வரலன்னு சொன்னியளேக்கா," என்றாள் அந்தோணிக்கனி.

உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. பெருங்காய டப்பா, கருப்பட்டிப் பானை, மூலையில் அம்மி, ஆணியில் தொங்கிய கைத்துணி. தோசைமாவு மட்டும் வழியில் நன்றாகப் புளித்துப் பொங்கி, மூடியை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. அடுப்பைத் திருகியதும் பற்றிக்கொண்டது. மாவை வீணாக்குவானேன் என்று உலகம்மாள் கல்லைப் போட்டார், அதோடு சரி, அன்றைக்குச் சாயங்காலம்வரை அவர் வெளியே வரவில்லை, தீவு முழுவதும் தோசை தின்றது.

ஏன் வந்தது என்று பெண்கள் கொஞ்ச நேரம் பேசினார்கள். தினமும் ராத்திரி வேலை முடிந்ததும் அடுப்பைத் துடைத்து ஒரு சின்னக் கோலம் போட்டுவிட்டுத்தான் படுப்பாராம் உலகம்மாள், பயணம் புறப்பட்ட அன்றைக்கு மட்டும் கிளம்புகிற குதூகலத்தில் மறந்துபோயிருக்கிறார். கோலம் போட்டால்தான் அடுக்களைக்கு நாள் முடியும், முடியாத நாளோடு அது எப்படித் தூங்கும், விழித்திருந்து பார்த்துவிட்டுத் தேடிப் புறப்பட்டுவிட்டது என்று முடிவுக்கு வந்தார்கள். சரியென்று உலகம்மாள் அன்றைக்கு ராத்திரியே துடைத்துக் கோலம் போட்டார். அடுக்களை சமர்த்தாகத் தூங்கியது, ஆனால் காலையில் பார்த்தால் விடுதிக்கு இன்னும் நாலடி பக்கத்தில் வந்து நின்றது.

ஆண்கள் வேறு விஷயம் பேசினார்கள். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் அதுல் மண்டல் வங்காளி, தமிழை எங்களிடம் கற்றுக்கொண்டவர், சட்டம் என்றால் உயிரை விடுவார். "வீடு வந்தா வீட்டு வரி போடலாம். வீடு இல்லாம அடுக்களை மட்டும் வந்தா என்ன பண்றது? எந்தச் சட்டத்திலயும் இல்ல," என்று இரண்டு நாள் தூக்கமில்லாமல் திரிந்தார், கடைசியில் உலகம்மாளின் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிச் சாப்பிட்டபிறகு, விருந்தாளியின் கைப்பை என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

இதற்கு நடுவில் ஊரிலிருந்து போன் வந்தது. எங்கள் தீவில் செல்போன் எடுப்பது விடுதியின் மூன்றாம் படியில் மட்டும்தான், அங்கேயும் ஸ்பீக்கரில் போட்டால்தான் காதில் விழும், ஆகவே இங்கே குடும்ப ரகசியம் என்று எதுவும் கிடையாது.

"ஏளா, நாலு நாளா அடிக்கேன், கெடைக்கவே மாட்டக்கு," என்றார் தங்கப்பழம். "அடுக்களையக் காணும். பின்கட்டுல வெறுந்தரையாக் கெடக்கு."

"இங்க வந்துட்டு."

"அது எதுக்கு அங்க வந்துச்சு?"

"தெரியலங்க. வந்து நிக்கி."

"நாங்க எதத் திங்க? ஓட்டல் சோறு வயித்துக்குச் சேரல. மருமவ அவ அம்ம வீட்டுக்குப் போயிட்டா. வெள்ளிக்கெழம கப்பல் இருக்குல்லா, அதையும் கூட்டிக்கிட்டு வந்து சேரு."

"சரி," என்றார் உலகம்மாள்.

யோசித்துச் சொன்ன சரி இல்லை அது, கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதுபோலத் தானாக வாயில் வந்தது. சொல்லி முடித்தபிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது, போனைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றார்.

நாங்கள் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. அந்த வாரம் முழுவதும் வயிறு புடைக்கத் தின்றோம். கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி, தேங்காய் அரைத்துவிட்ட மீன்குழம்பு, கருப்பட்டிப் பணியாரம் என்று அந்த வாசலிலிருந்து வந்துகொண்டே இருந்தது, நாங்களும் வாழையிலையை வெட்டிக்கொண்டு வந்துகொண்டே இருந்தோம், பாராட்டப் பாராட்ட அவர் இன்னும் கொஞ்சம் வைத்தார், இன்னும் கொஞ்சம் வைக்க வைக்க அடுக்களை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, செவ்வாய்க்கிழமை பார்த்தால் அவர் அறை ஜன்னலை ஒட்டிக்கொண்டு, கடலை மறைத்து நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தால் கரிபடிந்த சுவர் மட்டும்தான் தெரியும். புதன்கிழமை காலையில் அந்தோணிக்கனி அறை கூட்டப் போனபோது நாற்காலி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தது.

"கடலு பாக்கலியாக்கா?"

"அரிசி ஊறப் போட்டிருக்கேன்," என்றார் உலகம்மாள் உள்ளே இருந்து. பிறகு, "ரெண்டு நாளு பாத்தாச்சுல்லா. அது போதும். எறங்கத்தான் முடியல, நாளைக்கு நாளைக்குன்னு இருந்துட்டேன். இனிமே எங்க? பொறந்ததுல இருந்து எனக்குன்னு கேட்டு வாங்கினது இந்த ஒண்ணுதான், அதுவும் வெள்ளிக்கெழமையோட முடிஞ்சிட்டு," என்றார். அழவில்லை, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டேதான் சொன்னார்.

அந்தோணிக்கனி நேராக நாங்கள் கூடுகிற வாதாமரத்தடிக்கு வந்தாள். நாங்கள் பணியாரம் தின்றுகொண்டிருந்தோம்.

எங்கள் தீவில் ஒரு முறை உண்டு. கடல் கொண்டுவந்து போட்டது எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை, அது இங்கே இருக்கும்வரை எல்லா வீட்டாரும் முறைவைத்து அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும், திரும்பிப் போகிறதென்றால் வெறுங்கையாக அனுப்பக்கூடாது. பீரோவைக்கூட முறைவைத்துத்தான் துடைத்தோம். அடுக்களைக்கு மட்டும் சொந்தக்காரி ஒருத்தி கண்முன்னால் நின்றதால் அந்த நினைப்பே எங்களுக்கு வரவில்லை.

"கழுதைக்கு முறவச்சுப் புல்லு போட்ட ஊரு இது," என்றாள் அந்தோணிக்கனி. "ஒரு அடுக்களைக்கு ஒத்தப் பொம்பளயக் காவலு வச்சிட்டு, எல போட்டுத் திங்கிய. வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. மண்டல் கையிலிருந்த பணியாரத்தை இலையில் திரும்ப வைத்தார். சட்டப்படி அது கைப்பை இல்லை, கடல் கொண்டுவந்த பொருள்தான் என்று தீர்ப்பை அங்கேயே மாற்றி எழுதினார், முதல் முறை தன்னுடையது என்றும் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் மண்டல் ஒரு புட்டிக் கடுகெண்ணெயும் வலையிலிருந்து அப்போதுதான் எடுத்த மீனுமாக அடுக்களைக்குள் போனார். நாற்காலியைக் கொண்டுவந்து தண்ணீருக்குப் பக்கத்தில், கடலைப் பார்க்கப் போட்டு, அந்தோணிக்கனி உலகம்மாளை அதில் உட்காரவைத்தாள். அடுக்களைக்கு இது பிடிக்கவில்லை. அடுப்பு லேசில் பற்றவில்லை, மிளகாய்ப்பொடி டப்பா திறக்கமாட்டேன் என்றது, குக்கர் வாயை இறுக மூடிக்கொண்டது, கடைசியில் மொத்தமும் மண்டலோடு சேர்ந்து நாற்காலியை நோக்கி நகரத் தொடங்கியது, மீராசா ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார். உலகம்மாளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. "உப்பு வலப்பக்கத்துல இருக்கு, கீழ் தட்டுல," என்று எழுந்தார், "அந்தக் கரண்டி இல்ல, அதுக்கு வேற கரண்டி," என்று எழுந்தார், எழுந்தபோதெல்லாம் அந்தோணிக்கனி தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

உச்சி வெயிலுக்கு முன்னால் குக்கர் விசிலடித்தது. தன்னை மறந்து அடித்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம், கடுகெண்ணெயில் பொரிகிற மீனின் வாசனை அப்படி. மண்டல் முகமெல்லாம் வியர்வையோடு ஒரு தட்டில் சோறும் மீனும் எடுத்துக்கொண்டு வந்து உலகம்மாளுக்கு முன்னால் நீட்டினார்.

"தீதி, சாப்பிடு," என்று அக்காவை வங்காளத்தில் அழைத்தார்.

உலகம்மாள் யாருக்கு என்பதுபோல அக்கம்பக்கம் பார்த்தார், பிறகு தட்டை வாங்கினார். முதல் கவளம் உள்ளே போனதும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது, துடைக்கவும் தோன்றாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"காரம் ஜாஸ்தியா?" என்று மண்டல் பயந்துபோய்க் கேட்டார்.

"இல்ல தம்பி. நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு. அந்த வாசல்ல இருந்து எனக்குன்னு ஒரு தட்டு வெளிய வந்து இன்னைக்குத்தான் பாக்கேன்." அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே, "நீங்கல்லாம் நல்லாருக்கணும்," என்றார்.

சாப்பிட்டுக் கையைக் கடலிலேயே கழுவப் போனவர், மணிக்கட்டு நனைந்ததும் நிற்கவில்லை. முழங்கால், இடுப்பு என்று போய்க்கொண்டே இருந்தார், சேலை குடைபோல விரிந்து மிதந்தது, ஓர் அலை வந்து தலைக்குமேல் போனபோது உள்ளே இருந்து ஒரு சத்தம் கேட்டது, ஓடிப் போனோம், சிரித்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும்வரை கரையேறவில்லை. அடுக்களை தண்ணீர் ஓரம்வரை போய்ப் பார்த்துக்கொண்டு நின்றது, அதற்குமேல் போகவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பல் வந்தது. மீராசா படகைத் தயாராக வைத்துக்கொண்டு வந்து, "பைய எடுத்து வைக்கட்டாக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு எடம் வைக்காதீங்க," என்றார் உலகம்மாள். "அத மட்டும் அனுப்பணும்."

பிறகு அவர் அடுக்களைக்குள் போய், எதையும் தொடாமல், நடுவில் நின்று பேசினார். வாசலில் நின்றவர்களுக்கு நன்றாகக் கேட்டது.

"இவ்வளவு தூரம் தேடி வந்தியே. வீட்டுல வேற யாரும் வரல, நீதான் வந்த. உன் அனல்லதான் எம் பிள்ளைய மூணும் வளந்துச்சு, நான் மறக்கமாட்டேன். ஆனா எனக்குத் திங்கத் தெரியும், கடலப் பாக்கத் தெரியும், சும்மா இருக்கத் தெரியும், அது உனக்கும் தெரியட்டும். நீ போ. அங்க பசியோட நிக்காவ. யாரு கை வச்சாலும் பத்திக்கோ. என் கைக்குத்தான் எரிவேன்னு பிடிவாதம் புடிக்காத."

புகைக்கூண்டிலிருந்து கொஞ்சம் சாம்பல் உதிர்ந்து அவர் தலையில் விழுந்தது, அவர் அதைத் தட்டிவிடாமல் வெளியே வந்தார்.

முறைப்படி வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவந்தோம். மீராசா வீட்டிலிருந்து மாசிக்கருவாடு, மண்டல் வீட்டிலிருந்து மீதிக் கடுகெண்ணெய், அந்தோணிக்கனி ஒரு கூடைத் தேங்காய், மற்றவர்கள் பட்டையும் கிராம்பும் காய்ந்த மிளகும், கொடுக்க ஒன்றுமில்லாத கிழவர் ஒருவர் அலமாரியில் ஒரு நல்ல சங்கை வைத்தார். பிறகு படகு தள்ளுகிற பாட்டைப் பாடிக்கொண்டு எல்லோருமாகத் தோள் கொடுத்துத் தள்ளினோம். அடுக்களை தண்ணீரில் இறங்கி, ஒரு தரம் திரும்பி வாசலைக் காட்டிவிட்டு, கப்பல் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனது. உலகம்மாள் அது புள்ளியாகும்வரை கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நாங்களும் கூப்பிக்கொண்டுதான் நின்றோம், அது எங்களுக்கும் சோறு போட்டதல்லவா.

அடுத்த கப்பலுக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்றாம் படியில் போன் அடித்தது. நீந்திவிட்டு ஈரத்தலையோடு வந்த உலகம்மாள் எடுத்தார். வழக்கம்போல நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம்.

"அடுக்களை வந்துட்டுளா," என்றார் தங்கப்பழம்.

"சேதாரம் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. உள்ள என்னமோ கடுகெண்ண வாசம் அடிக்கி. கருவாடு, தேங்கா எல்லாம் இருக்கு. நாளைக்குக் கப்பல்ல வந்துருவேல்லா?"

உலகம்மாளின் வாய் திறந்தது. அந்தச் சரி எங்கே மறுபடியும் தானாக வந்து விழுந்துவிடுமோ என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"நாளைக்கு இல்ல. அதுக்கடுத்த வெள்ளிக்கெழம. சொல்லிட்டுத்தான வந்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"பயலுவ ரெண்டு பேரும் வாசப்படியத் தாண்ட மாட்டக்கானுவ," என்று குரல் திரும்பி வந்தது. "உள்ள கொஞ்ச நேரம் நான் மட்டும் நின்னேன். அடுப்பத் திருகினேன், பத்திக்கிட்டு. சோறு வச்சேன். கொழஞ்சிதான் போச்சு. மூணு பேரும் அதத்தான் தின்னோம்." அடுத்ததைக் கேட்க அவருக்குப் பழக்கமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "நீ சாப்டியாளா?"

படியில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உலகம்மாளுக்குச் சாப்பாடு போடுவதில் அன்றைக்கு அந்தோணிக்கனியின் முறை, அவள் அப்போதுதான் ஆவி பறக்கும் சோறும் நண்டுக்குழம்பும் கொண்டுவந்து உலகம்மாளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"தட்டு வச்சிருக்காவ," என்றார் உலகம்மாள். "ஆறிப்போவும். வச்சிருதேன்."

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டு, தட்டை மடியில் எடுத்துக்கொண்டார்.